கற்பனை வேண்டுமா? வியாழக்கிழமை அய்யலூருக்கு வாருங்கள்!

— மூன்றாமாண்டு மாணவி, ஜவுளித் தொழில்நுட்பத் துறை



மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு கவிதை. எனக்குக் கவிதை வராது. வந்தாலும் அம்மாவைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் ஏற்கெனவே நிறைய பேர் கொடுத்து முடித்துவிட்டார்களாம். எனவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது ஆடு. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து விடுங்கள். கட்டுரை கொஞ்சம் நீளம்.

முதலில் மான் கதையைச் சொல்லி விடுகிறேன். போன வருஷம் டிசைன் பிராக்டிகலில் "ஆளுக்கொரு டிசைன், சொந்தமா யோசிச்சு, கிராஃப் ஷீட்டில் போட்டு வாங்க" என்று சொன்னார் எங்கள் ஆசிரியர். சொந்தமா யோசிப்பது என்றால் நமக்குத் தெரியாதா? செல்போனை எடுத்தோம், தேடினோம், கட்டம் கட்டமாக இறக்கினோம். நான் இறக்கியது பனி நட்சத்திரமும் கிளைக்கொம்பு மானும். வெளிநாட்டு ஸ்வெட்டரில் வருமே, அது. ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து, சிவப்பும் வெள்ளையுமாகக் கலர் பென்சிலில் தீட்டி, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இந்த மானை நீ எங்கம்மா பார்த்தே? வேடசந்தூர்லயா, வடமதுரையிலயா?" என்றார்.

வகுப்பே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்தால், அவர் கேட்டதில் தப்பே இல்லை. சித்திரை வெயிலில் தார் உருகுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பனி நட்சத்திரம் போட்டவள் நான்தானே!

"பார்த்ததைப் போடு" என்றார் சார். நான் பார்த்தது என்ன? பிறந்ததில் இருந்து பார்த்தது செம்மறி ஆடு. எங்கள் தாத்தா கிடைக்காரர். குரும்பை ஆடு வைத்திருப்பவர். அப்பா நூல் மில் குடோனில் லோடுமேன். அம்மா அதே மில்லில் ஷிப்டுக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அட்மிஷன் பாரத்தில் குடும்பத் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். ஒரு சென்ட் நிலம் கிடையாது எங்களுக்கு! ஆடு என்று எழுதக் கூச்சம். மழை நாளில் என் துப்பட்டாவில் ஆட்டு வாடை இருக்கும். முதலாம் ஆண்டில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தது இன்னும் மறக்கவில்லை. பார்த்ததைப் போடு என்றால் அந்த வாடையையா போடுவது?

இப்படி இருக்கும்போதுதான் ஐந்தாவது செமஸ்டர் பீஸ் கட்டுகிற நாள் வந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு ரொம்ப எளிது. ஒரு வருஷ பீஸுக்கு மூணு கிடா. மாசா மாசம் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிற ஆயிரம் ரூபாய் ரெக்கார்டு நோட்டுக்கும் கிராஃப் ஷீட்டுக்கும் சரியாகிவிடும். மற்றதெல்லாம் ஆடுதான். நான் காலேஜில் சேர்ந்தபோது தாத்தாவிடம் 47 உருப்படி. (கிடைக்காரர்கள் ஆட்டை 'உருப்படி' என்றுதான் எண்ணுவார்கள்.) இப்போது 29. மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வந்து போனது சில. மிச்சமெல்லாம் நான் படித்ததில் போனது. அப்பாவுக்கு அன்றைக்கு லோடு இருந்ததால், "நான் வர்றேன் தாத்தா" என்றேன். "சந்தைக்கா? பொம்பளப் பிள்ளையா?" என்று அப்பத்தா கத்தியது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து என் தலையில் போட்டு, "பனி கெடக்கு, மூடிக்க தாயி" என்றார். அவ்வளவுதான் பர்மிஷன்.

அய்யலூர்ச் சந்தை தெரியுமல்லவா? திண்டுக்கல்–திருச்சி ரோட்டில் வடமதுரை தாண்டி, வியாழக்கிழமை தோறும் கூடுகிறது. விடியுமுன்னே ஆரம்பித்துவிடும். தீபாவளி, பக்ரீத், பொங்கல் சமயத்தில் ஆட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் கால் வைக்க இடம் இருக்காது. குட்டியானை வண்டியில் இரண்டு கிடாவோடு நின்றுகொண்டே போனேன். இறங்கியதும் முதலில் சத்தம்தான் தெரிந்தது. நூறு தொண்டையில் நூறு சுருதி. அப்புறம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வந்ததும் நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஒரு நீளக் கயிறு. அதில் வரிசையாக ஆடுகளைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று இந்தப் பக்கம் தலை, அடுத்தது அந்தப் பக்கம் தலை. வாங்கிய வியாபாரி அடையாளத்துக்கு முதுகில் மை தடவியிருக்கிறார். ஒருத்தருக்கு ரோஸ், ஒருத்தருக்கு நீலம், இன்னொருத்தருக்கு பச்சை. ரோஸ், வெறும் முதுகு, நீலம், ரோஸ், ரோஸ், வெறும் முதுகு... இப்படியே போகிறது. அதற்கு அடுத்த கயிற்றில் வேறு வரிசை. தோழிகளே, அது அப்படியே கிராஃப் ஷீட்! பாவு இழை எழும்புகிற கட்டம் எது, அமுங்குகிற கட்டம் எது என்று நாம் புள்ளி வைப்போமே, அதை யாரோ உயிரோடு நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக மாதாமாதம் தாத்தாவின் பட்டியைக் கூட்டியிருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதில்லை.

பீஸுக்கு ஆடு விற்க வந்தவள் கையில் பேனா கிடையாது. பஸ் டிக்கெட்டின் பின்னால், டீக்கடைக்காரரிடம் பென்சில் வாங்கிப் புள்ளி வைத்தேன். என்னை ஏதோ கணக்கெடுக்க வந்த சர்க்கார் பிள்ளை என்று நினைத்து இரண்டு பேர் வழிவிட்டார்கள்! அந்தக் கூட்டத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணக் கூடிய அளவுதான். கோழி விற்கும் பாட்டிமார்கள் ஒரு ஓரம், அவ்வளவே. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு விலை பேசுவது. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுகிறார்கள். வாய் ஊர்க்கதை பேசுகிறது, கை விலை பேசுகிறது. தாத்தாவுக்கும் வியாபாரிக்கும் நடுவில் அந்தத் துண்டு மட்டும் எழும்பித் தாழ்ந்து கொண்டிருந்தது. என் ஐந்தாவது செமஸ்டர் அந்தத் துண்டுக்குள் இருந்தது. பேசி முடித்து, கயிற்றைக் கைமாற்றும்போது தாத்தா கிடாவின் நெற்றியை ஒரு தடவு தடவினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில், "அந்த ரோஸ் மை எதுக்கு, நம்ம காதறுப்புத்தான் இருக்கே" என்று கேட்டேன். கிடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு காதறுப்பு உண்டு. மேய்ச்சலில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்கக் காதில் சின்னதாக வெட்டி அடையாளம் வைப்பார்கள். நுனி வெட்டு, ஓர வெட்டு, இரண்டும் சேர்ந்த வெட்டு என்று. தாத்தா அன்றைக்கு நல்ல மனநிலையில் இல்லை என்றாலும் வாய் திறந்தால் நிற்கவில்லை. யார் யாருக்கு எந்த வெட்டு, எந்த ஆட்டுக்கு என்ன பேர் என்று வடமதுரை வரும்வரை சொன்னார். செவலை, காரி, மயிலை என்று நிறத்துக்கொரு பேர். தலை மட்டும் கறுத்தது, கண்ணைச் சுற்றி மட்டும் கறுத்தது, ஒரு கால் மட்டும் வெளுத்தது என்று ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்ல அவருக்கு வார்த்தை இருக்கிறது. எனக்கு 'பிளாக் அண்டு ஒயிட்' என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. டிசைன் படிப்பவள் நான்!

இங்கே கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய் வருவோம். (செல்போனைத் திட்டினேன், ஆனால் இதைத் தேடித் தந்ததும் அதுதான்.) ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்குள் ஷெட்லாண்ட் என்று தீவுக் கூட்டம். அங்கத்து ஆடு சின்னது. ஆனால் அதன் நிறத்துக்கு 11 பேர், உடம்பில் உள்ள குறிகளுக்கு 30 பேர் வைத்திருக்கிறார்கள். பழைய தீவு மொழிப் பெயர்கள். எங்கள் தாத்தா கூட்டாளி அங்கேயும் இருக்கிறார் போல! 2010 முதல் அங்கே செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் கம்பளி வாரம் கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு தொப்பி டிசைனை வெளியிடுவார்கள். உலகம் பூராவும் பின்னல் பின்னுகிறவர்கள் அந்தத் தொப்பியைப் பின்னி, தலையில் போட்டுக்கொண்டு அந்தத் தீவுக்கு வந்து சேருகிறார்கள். 2015-இல் டோனா ஸ்மித் என்பவர் கொடுத்த டிசைன் என்ன தெரியுமா? பச்சை மேட்டில் வரிசையாக நிற்கும் ஆடு! அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற காட்சியாகத்தான் இருக்கும். அதற்குத்தான் உலகம் முழுக்க அத்தனை பேர் ஊசி எடுத்தார்கள். அந்தப் பக்கத்துப் பின்னலில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறத்துக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். இரண்டே நிறம். நம்மிடம் 'கலர் இல்ல, மெஷின் இல்ல' என்று எத்தனை சாக்கு!

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் 1974-இல் தொடங்கிய ஆடு–கம்பளித் திருவிழா ஒன்று மே மாத முதல் சனி ஞாயிறில் நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு போட்டி. 'ஆட்டிலிருந்து சால்வை.' ஒரு குழு. ஒருத்தர் ஆட்டைக் கத்தரிக்க, சிலர் ராட்டையில் நூற்க, ஒருத்தர் தறியில் நெய்ய, சில மணி நேரத்தில் சால்வை கீழே இறங்க வேண்டும். கூட்டம் சுற்றி நின்று பார்க்கிறது. இந்த மாதிரி விழாவுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஏன் புதுசு புதுசாக யோசனை வருகிறது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஆடும், ரோமமும், நூலும், அதைச் செய்த ஆளும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். கையால் தொட்டுப் பார்க்கலாம், கேட்கலாம். நமக்கு நூல் என்பது கோன் வடிவில் அட்டைப் பெட்டியில் வருவது. அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்றே நம் கை அறியாது.

இனி நம்ம ஊர் கம்பளிக்கு வருகிறேன். நான் உண்மையில் எழுத வந்தது இதைத்தான்.

தமிழ்நாட்டுச் செம்மறியில் மேச்சேரி, வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு என்று பல இனம். பெரும்பாலும் கறிக்கும் தோலுக்கும்தான். கம்பளி ரோமம் தருவது கோயம்புத்தூர்க் குரும்பை, திருச்சி கருங்குரும்பை, நீலகிரி ஆகிய மூன்றே. எங்கள் தாத்தாவிடம் இருப்பது முதல் வகை. வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரிப்பார். தாத்தாவின் அப்பா காலத்தில் அந்த ரோமத்தை நூற்று, குழித்தறியில் கம்பளி நெய்வார்களாம். அதில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கறுப்பு. நிமிர்த்தி வைத்தால் தட்டி மாதிரி நிற்கும். மழையில் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு தாத்தா கிடைக்குப் போவார்; தண்ணீர் மேலேயே உருண்டு ஓடிவிடும். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் விரிப்பது அதைத்தான்.

அது ஏன் அவ்வளவு விறைப்பு என்று தாத்தாவிடம் கேட்டேன். "புளியங்கொட்டைப் பசை. பாவுல தடவி, பிரஷ்ஷு போட்டு இழுப்பாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நம்ம சைசிங் பாடம் அய்யா! நூல் அறாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவது. புளியங்கொட்டை மாவு பிரிண்டிங் பசையிலும் வரும் என்று பரீட்சையில் இரண்டு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். நான் உருப்போட்டு எழுதியது என் பாட்டனார் கையில் இருந்திருக்கிறது. யாரும் அவருக்கு மார்க் போடவில்லை.

தறி போய்விட்டது. நூற்கும் ஆளும் போய்விட்டார்கள். ரோமம் மட்டும் வருஷம் இரண்டு தடவை வந்துகொண்டே இருக்கிறது. ஆட்டுக்கு என்ன தெரியும், மார்க்கெட் இல்லை என்று? போன தை மாதம் கத்தரித்தது இரண்டு சாக்கு. வாங்க ஆள் வரவில்லை. திண்ணை ஓரத்தில் கிடந்தது. நாய் அதன்மேல் படுத்துத் தூங்கியது. நாடு முழுக்க இதே கதைதான் போலிருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் செம்மறி ஏழு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல். முன்பைவிட அதிகம். ஆனால் கம்பளி உற்பத்தியோ 2014–15-இல் சுமார் 4.8 கோடி கிலோவாக இருந்தது 2022–23-இல் 3.4 கோடி கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது. ஆடு ஏறுகிறது, ரோமம் இறங்குகிறது. கறிக்கு விலை இருக்கிறது, கம்பளிக்கு இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

போன பிப்ரவரியில் வகுப்போடு மன்னவனூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கொடைக்கானலில் இருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், நம் மாவட்டம்தான். ராஜஸ்தான் அவிகாநகரில் 1962-இல் தொடங்கிய மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் புல்வெளியில் போட்டோ எடுப்பதிலேயே இருந்தோம். அங்கே வளர்க்கும் பாரத் மெரினோ ஆட்டின் ரோமத்தை ஒரு பிடி கையில் கொடுத்தார்கள். பஞ்சு தோற்றது! இழையின் தடிமன் 20 மைக்ரானை ஒட்டி இருக்குமாம். எங்கள் குரும்பை ரோமம் 40 மைக்ரானை ஒட்டியது. 30 மைக்ரானுக்கு மேல் போனால் உடம்பில் குத்தும், அரிக்கும். திரும்பும் பஸ்ஸில் ஒரு தோழன், "உங்க தாத்தா ஆட்டு மயிரு தேங்கா நாரு மாதிரிடீ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்தத் தோழனுக்கு இப்போது பதில் சொல்கிறேன். (கோபம் இல்லை, தம்பி.) ஆமாம், தேங்காய் நார்தான். தேங்காய் நாரை யாராவது தூக்கிப் போடுகிறார்களா? கால்மிதி, கயிறு, மெத்தை என்று எத்தனை! இந்தியக் கம்பளியில் பெரும்பங்கு முரட்டுரகம்தான், தரைவிரிப்புக்குப் போவது. மெரினோவை மிதித்தால் நசுங்கிப் போகும், குரும்பை மிதித்தாலும் நிமிரும். கம்பளி இழைக்குத் தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரம் குடித்தும் நனைந்த மாதிரி தெரியாத குணம் உண்டு. தீப்பிடித்தால் பாலியெஸ்டர் மாதிரி உருகி ஒட்டாது, கருகி அணைந்துவிடும். இதெல்லாம் நம் ஃபைபர் சயின்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தை எழுதியவர்கள் நம் திண்ணையில் கிடக்கிற சாக்கைத்தான் சொல்கிறார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றிய பிறகு நான் செய்த கூத்தையும் சொல்லி விடுகிறேன். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு டிபார்ட்மெண்டுக்கு வந்தேன். கார்டிங் மெஷினில் போடட்டுமா என்று கேட்டேன். லேப் அண்ணன் மெஷினுக்குக் குறுக்கே நின்றுவிட்டார்! அவர் சரிதான். கொழுப்புப் பிசுக்குள்ள ரோமம் பருத்திக்கான முள்கம்பியை நாசம் செய்துவிடும். நீளமும் ஒத்துவராது. சரி என்று வீட்டிலேயே வாஷிங் சோடா போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, விரலாலேயே பிய்த்துப் பிய்த்துப் பரப்பினேன். கம்பளி இழையின் மேலே மீன் செதில் மாதிரி செதில் உண்டல்லவா. சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தால் ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும். தறியே வேண்டாம். முதல் இரண்டு தடவை கந்தலாக வந்தது. மூன்றாவது தடவை ஒரு அடிக்கு ஒரு அடி, விரல் தடிமனில் ஒரு ஃபெல்ட். அம்மாவின் கிரைண்டருக்கு அடியில் வைத்தேன். "சத்தம் குறைஞ்ச மாதிரித்தான் இருக்கு" என்றார்கள். அம்மா சொல்வதை ரெக்கார்டு நோட்டில் எழுத முடியாது. மெக்கானிக்கல் துறையில் யாராவது சத்தம் அளக்கும் மீட்டர் கொடுத்தால் இதுவே என் புராஜெக்ட்.

"அதெல்லாம் சரி, அய்யலூரில் போய்க் கலையைத் தேடச் சொல்கிறாயே, அது கறிச்சந்தை அல்லவா?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பஸ் டிக்கெட்டில் புள்ளி வைத்த ஆடுகளில் முக்கால்வாசி அடுத்த ஞாயிறு பிரியாணியில் இருந்திருக்கும். நம்ம ஊருக்கு உலகத்தில் பேர் வந்ததே பிரியாணியாலும் பூட்டாலும்தானே. நானும் சாப்பிடுகிறவள்தான், அதை மறைத்து என்ன பயன்? ஆனால் ஷெட்லாண்டிலும் மேரிலாண்டிலும் மட்டும் ஆட்டைப் பூஜையிலா வைத்திருக்கிறார்கள்? அங்கேயும் கறிதான். கறிக்கு நடுவிலும் அவர்கள் ரோமத்தைப் பார்க்கிறார்கள், நாம் பார்ப்பதில்லை.

இன்னொன்று. வாடை அடிக்கிற இடத்தில் கலை வராது என்பவர்களுக்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் தோல் ஷாப் பக்கம் போகிறபோது எல்லோரும் மூக்கைப் பிடிப்போம். அந்தச் சுண்ணாம்புக் குழியில் நின்று ஆட்டுத்தோலில் மயிர் கழித்த தொழிலாளிகளை வைத்து, இதே ஊரில் வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் எழுதிய நாவல் 'தோல்'. 2010-இல் வந்தது, 2012-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவர் 2019-இல் காலமானார். நம் நூலகத்தில் கேட்டேன். அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் போனவர்கள் கையெழுத்துத் தாளில் என்னுடையது இரண்டாவது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அந்த நாவல் வந்திருக்குமா?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், கோலப் போட்டி, நெருப்பில்லாச் சமையல் என்று வைக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த விழாவில் நமக்கொரு 'ஆட்டிலிருந்து சால்வை' வையுங்கள். சால்வை முடியாவிட்டால் ஒரு முழ நாடா போதும். கத்தரிக்க எங்கள் தாத்தா வருவார், கேட்டுவிட்டேன். "பிள்ளைக நடுவுல நானா? கத்தரி சாணை பிடிக்கணுமே" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதற்கு அர்த்தம் சம்மதம். நூற்கும் தக்களியை மெக்கானிக்கல் பசங்கள் லேத்தில் கடைந்து தரட்டும். சிவில்காரர்கள் அந்த ஃபெல்ட்டைக் கூரைக்கடியில் வைத்து வெப்பம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கட்டும். மேய்ச்சல் நிலத்துக்கும் மேய்ப்பவர்களுக்குமான சர்வதேச ஆண்டாக 2026-ஐ ஐ.நா. சபை 2022-இலேயே அறிவித்துவிட்டது. ஐ.நா. சபைக்குத் தெரிந்த எங்கள் தாத்தாவை நம் காலேஜ் கேட்டுக்குள் விட மாட்டோமா? ஒரே ஒரு நிபந்தனை: பொன்னாடை போர்த்தி, மேடையில் உட்கார வைத்து, 'அழிந்துவரும் பாரம்பரியம்' என்று பேசி அனுப்பிவிடக் கூடாது. அதைக் கேட்டால் அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். வேலை கொடுங்கள், கூலி கொடுங்கள்.

டிசைன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பஸ் டிக்கெட்டில் வைத்த புள்ளிகளை இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு கட்டத்தில் போட்டேன். ஓரத்துக்கு எங்கள் வீட்டுக் காதறுப்பை எடுத்துக்கொண்டேன். நுனியில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, இரண்டு வெட்டு. தொடர்ந்து வந்தால் ட்வில் மாதிரி சாய்ந்து ஏறுகிறது. சாரிடம் காட்டுவதற்கு முன் தாத்தாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. கிராஃப் ஷீட்டை வாழ்நாளில் பார்த்ததில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, தாளைத் தூரமாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நம்ம காதறுப்புல்ல?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா நம்மளுது எடது காது. நீ வலது காதுல போட்டுருக்க. வலது காதுல வெட்டுனா அது பக்கத்தூருக்காரன் ஆடு."

அழித்துத் திருப்பிப் போட்டேன். சாய்வு இப்போது இடது பக்கமாக ஏறுகிறது. டிபார்ட்மெண்டில் உள்ள சின்னத் தறியில் நெய்த மாதிரித் துணி, டிசைன் லேப் ஜன்னலோர மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம். வியாழக்கிழமை மட்டும் வர வேண்டாம். ஆறாவது செமஸ்டர் பீஸ் இன்னும் கட்டவில்லை. நான் அய்யலூரில் இருப்பேன்.